ஜன்னலைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

கார்த்தி,

தொலைபேசியில் வாய்க்கு வராததை மின்னஞ்சலில் எழுதிப் பார்க்கிறேன். நேற்று நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாரம் இரண்டு முறை நர்ஸ் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவது நீ இருக்கும் ஊரில் வழக்கம் என்றாய். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைக்கு மேல் வராது, வித்யாவுக்கு ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை, ஆகவே நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்வது நீதான் என்றாய். “அந்தம்மா நோண்டி நோண்டிக் கேக்குதும்மா. தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு, பாப்பாவைப் பாத்தா என்ன தோணுதுன்னு. இவ அழுதுக்கிட்டே என்னமோ சொன்னா. அதெல்லாம் எதுக்கு வெளியாளுக்கு? தூக்கம் பத்தல, அவ்வளவுதான்னு சொல்லி அனுப்பிட்டேன்” என்றாய். நான் “சரிப்பா, பாத்துக்கோ” என்றேன். போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை. அந்த “சரிப்பா” என் வாயிலிருந்து வந்திருக்கவே கூடாது. ஏன் என்று உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குக்கூட இதை நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் கல்கத்தாவில் இருந்த கதைகளில் உனக்குத் தெரிந்தவை எல்லாம் நல்ல கதைகள். டிராம், பூஜைப் பந்தல், நான் ஏழாம் வகுப்பில் வங்காளிப் பிள்ளைகளை விட அதிக மதிப்பெண் வாங்கியது. டாலிகஞ்சில் ஒரு சந்தில் கீழ்வீட்டில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எங்களுக்கு. மேலே வீட்டுக்காரர். அப்பாவுக்கு அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, திருச்சியிலிருந்து மாற்றல் ஆகி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் ஆங்கிலம், பஸ்ஸில் கொஞ்சம் வங்காளி, அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. என் அம்மாவுக்கு வங்காளியில் “கத்தோ” என்று விலை கேட்கவும், “நா” என்று மறுக்கவும் மட்டும் தெரியும். நான் சந்தில் விளையாடியே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் தமிழை விட வங்காளியில்தான் வேகமாகப் படிப்பேன். படிப்பேன் என்றால் சாதாரணமாக இல்லை. கறிகாய் சுற்றி வந்த காகிதத்தைக்கூட விரித்து நீவிப் படித்துவிட்டுத்தான் போடுவேன். எதிர்வீட்டு மிட்டு என் வகுப்புத் தோழி. அவள் அம்மாவை நான் காகிமா என்று கூப்பிடுவேன், சித்தி மாதிரி. அவர்கள் வீட்டில் கண்ணாடி போட்ட அலமாரி நிறையப் புத்தகங்கள். சனிக்கிழமை சனிக்கிழமை காகிமா சாவியை இடுப்பிலிருந்து எடுத்துத் திறந்து, “கையைக் கழுவிட்டு வந்தியா?” என்று கேட்டு ஒன்றைத் தருவார். அந்த அலமாரிதான் அப்போது என் உலகம். இதை நினைவில் வைத்துக்கொள், ஏனென்றால் நான் செய்த தப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மழைக்காலம் முடிகிற சமயம் அப்பாவின் இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. என்றார்கள். இப்போது கேட்டால் உனக்கு அது ஒரு வியாதி, மாத்திரை இருக்கிறது, சரியாகிவிடும். அப்போதும் மருந்து இருந்தது. ஆனால் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “அப்பாவுக்கு நெஞ்சுச் சளி” என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார், அடுத்த வீடு எவன் கொடுப்பான், ஊருக்குத் திரும்பினால் வேலை என்னாவது என்று அவள் பயந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால் சந்துப் பக்கம் இருந்த பெரிய ஜன்னலைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, கனமான திரையைத் தொங்கவிட்டோம். அப்பாவுக்கு இருமல் வரும்போது வானொலியைச் சத்தமாக வைப்பது என் வேலை. அவர் தொண்டையைச் செருமத் தொடங்கினாலே நான் ஓடிப் போய்க் குமிழைத் திருகுவேன்.

அம்மா இன்னொன்றும் செய்தாள். அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி செம்பு. சாப்பிட்டதும் அவளே எடுத்துப் போய்க் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்ப்பாள். எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய விஷயம், உனக்குத் தெரியும். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் நீ தண்ணீர் குடித்ததற்கு நானே உன் தொடையில் கிள்ளியிருக்கிறேன். அம்மாவின் கணக்கில் வியாதி என்பது எச்சில் வழியாகத்தான் பரவும். எச்சிலைக் காத்துவிட்டால் வீட்டைக் காத்தாயிற்று. அதை அவள் ஒரு விரதம் போலச் செய்தாள். ஆனால் மூன்று வயதுத் தம்பி, உன் சேது மாமா, மதியமும் இரவும் அதே மூடிய அறையில், அப்பாவின் மார்பில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் தூங்கினான். அது எச்சில் இல்லையே.

அப்போதுதான் பீனாதி வரத் தொடங்கினார். அக்காவை அங்கே “தி” என்று பெயரோடு ஒட்டிச் சொல்வார்கள். பக்கத்து சுகாதார மையத்திலிருந்து வீடு வீடாகப் போகும் நர்ஸ். நாற்பது வயது இருக்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து பிரிவினையில் அம்மாவோடு ஓடி வந்தவர், ஜாதவ்பூரில் அகதிகள் காலனியில் இருந்தார். வெள்ளைப் புடவை, ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை, தோள்பட்டையில் தழும்பு விழுகிற அளவுக்குக் கனமான பை. முதலில் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை அப்பாவுக்கு ஊசி. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வந்தால்தான் அம்மாவோடு பேச முடியும் என்று எங்கள் வீட்டை முதல் வீடாக மாற்றிக்கொண்டார். சந்தில் யாராவது கேட்டால் அம்மாவுக்கு ரத்தசோகை, அதற்கு ஊசி என்று சொல்ல வேண்டும். அதற்கும் பீனாதி ஒத்துக்கொண்டார். “உங்க வீட்டு ரகசியம் என் பையிலேயே இருக்கும். ஆனா பை ரொம்ப கனமா இருக்கு, சீக்கிரம் இறக்கி வைக்கணும்” என்றார்.

அவர் வேலை செய்யும் விதத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். அலுமினியப் பெட்டியில் கண்ணாடி சிரிஞ்சைப் போட்டு எங்கள் அடுப்பிலேயே கொதிக்க வைப்பார். அது கொதிக்கிற பத்து நிமிஷத்தில் வீட்டையே படித்துவிடுவார். யார் எங்கே படுக்கிறீர்கள், பாய் எது, தண்ணீர் எங்கிருந்து, நேற்று என்ன சமையல், மாத்திரை அட்டை எங்கே. அப்பா வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால், “பாபு, உடம்பு பூரா புளி ஊறின மனுஷன் நீங்க. கிருமியே முகத்தைச் சுளிச்சுக்கிட்டு ஓடிடும்” என்பார். அப்பா சிரித்துவிடுவார், சிரித்ததும் இருமுவார், நான் வானொலிக்கு ஓடுவேன். அப்பாவின் அலுவலகத்துக்கு விடுப்புக்கான சான்றிதழை வாங்கிக் கொடுத்தது அவர்தான். பழைய புடவையைச் சதுரமாகக் கிழித்து வைத்து, அதில் சளியைத் துப்பி எரிக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் செய்து காட்டியதும் அவர்தான். எதைச் சொன்னாலும் கடைசியில் என்னைப் பார்த்து “மாகே போலோ” என்பார். அம்மாகிட்ட சொல்லு. நானும் சொல்வேன். இரண்டு பெரிய மனுஷிகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? புத்தகத்தில் படித்த கடினமான வங்காளிச் சொல்லுக்கு நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடிப் போட்டுச் சொல்வேன். அம்மா “என்னடி இது, வாத்தியாரம்மா மாதிரி பேசுற” என்பாள்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஊசி போட்டுவிட்டு, அப்பாவின் காதில் விழக்கூடாது என்று பீனாதி எங்களைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சொன்னது இதுதான், இன்றைக்கும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. “தட்டைத் தனியா வைக்கிறதால பெருசா ஒண்ணும் ஆகிடாது. இது இருமும்போது காத்துல வருது. மூடின அறையில அந்தக் காத்து அங்கேயே நிக்குது. ஜன்னல் நாள் பூரா திறந்திருக்கணும். சின்னவன் அந்த அறையில தூங்கவே கூடாது. வர்ற புதன்கிழமை அவனை மையத்துக்குத் தூக்கிட்டு வரணும், பரிசோதனை பண்ணணும். மாகே போலோ.”

நான் அம்மாவைப் பார்த்தேன். பிறகு அறையைத் தாண்டி அந்த ஜன்னலைப் பார்த்தேன். அதைத் திறந்தால் எட்டடி தூரத்தில் மிட்டு வீட்டு ஜன்னல். அங்கிருந்து எங்கள் கட்டில் தெரியும், இருமல் கேட்கும். காகிமா தன் இடுப்புச் சாவியை ஒரு கையால் மூடிக்கொள்வதை நான் மனத்தில் பார்த்தேன். அப்போது மூன்று பாகம் கொண்ட ஒரு கதையில் இரண்டாம் பாகத்தின் நடுவில் இருந்தேன். சேதுவைப் பிரித்துப் படுக்க வைத்தால் அப்பாவின் முகம் என்னவாகும் என்றும் நினைத்தேன். பல வருடம் அதைத்தான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது அலமாரி.

“என்னடி சொல்லுது அந்தம்மா? ஜானாலா ஜானாலான்னு என்னமோ சொல்லுச்சே, நம்ம ஜன்னலையா?” என்று அம்மா கேட்டாள். அந்த ஒரு சொல் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அம்மா அதைப் பிடித்துவிட்டாள். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “தட்டெல்லாம் தனியா வச்சிருக்கது ரொம்ப நல்லதாம், அப்படியே செய்யணுமாம். ஜன்னல் திரை அழுக்கா இருக்காம், துவைக்கணுமாம்” என்றேன். அம்மாவின் முகம் முதல் பாதிக்கு மலர்ந்தது, இரண்டாம் பாதிக்குச் சுருங்கியது. பீனாதியிடம் திரும்பி, “அம்மா சரின்னு சொல்றாங்க” என்றேன்.

அன்றைக்கே அம்மா அந்தத் திரையைக் கழற்றி, சோடா போட்டு ஊற வைத்து, அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டுக் காய வைத்து மாட்டினாள். அடுத்த முறை பீனாதி வந்தபோது ஜன்னல் சாத்தியபடி இருந்தது, மேலே விறைப்பாக ஒரு வெள்ளைத் திரை. அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா, பாராட்டுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். “ஏன் இன்னும் திறக்கலை?” என்று அப்பாவின் காதில் விழாமல் என்னைக் கேட்டார். “தம்பிக்குச் சளி பிடிக்கும்னு அம்மா பயப்படுறாங்க” என்றேன். ஒரு முறை அவரே போய்த் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தார். அவர் குடை சந்து முனையில் மறைந்ததும் நான் சாத்தினேன். புதன்கிழமை ஏன் வரவில்லை என்றார். “பையனுக்கு வயித்துப்போக்கு, அடுத்த புதன் வர்றோம்னாங்க” என்றேன். அடுத்த புதனுக்கும் ஒன்று வைத்திருந்தேன். படித்த கதைகள் வீண் போகவில்லை, காரணம் கண்டுபிடிப்பது எனக்குச் சுலபமாக வந்தது.

இதில் நான் அப்போது கவனிக்காத ஒன்று உண்டு. சேதுவை மட்டும் நான் ஆபத்தில் விடவில்லை. அந்த இரண்டு பெண்களையும் ஒருவருக்கொருவர் கெட்டவர்களாக்கிவிட்டேன். பீனாதியின் கண்ணில் அம்மா பிடிவாதக்காரி, சொன்னதைக் கேட்காதவள். அம்மாவின் கண்ணில் பீனாதி திமிர் பிடித்தவள். “ஊசி போட வந்தவளுக்கு நம்ம வீட்டுத் திரை மேல என்னடி கண்ணு? எப்பப் பாரு ஜன்னலையே முறைக்குது. ஜன்னலுக்கும் ஒரு ஊசி போடணுமாமா?” என்பாள். நான் சிரிப்பேன். பீனாதி என்னைத் தனியாகப் பார்த்து, “உன் அம்மாவுக்கு என் மேல கோபமா?” என்று கேட்டபோது, “அவங்க அப்படித்தான்” என்றேன். என் அம்மாவைப் பற்றி! குளிர்ந்த தண்ணீரில் விடியற்காலை குளித்துவிட்டு அவருக்காக அடுப்பு மூட்டி வைத்துக் காத்திருந்த என் அம்மாவைப் பற்றி.

பூஜை விடுமுறைக்கு முன்னால் சேதுவுக்குக் காய்ச்சல் வந்தது. சின்னக் காய்ச்சல்தான், ஆனால் போகவில்லை. பத்து நாளில் விளையாடுவதை நிறுத்தினான். வெளிச்சம் கண்ணில் பட்டால் சிணுங்கினான். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. பீனாதி அப்போது விடுப்பில் போயிருந்தார், அவருக்குப் பதிலாக வந்தவர் ஊசி போட்டதும் போய்விடுவார். அம்மா கஷாயம் கொடுத்தாள், மேல்வீட்டுக்காரர் சொன்ன ஹோமியோபதி உருண்டை கொடுத்தாள். அப்பா அவனை மடியிலேயே வைத்திருந்தார். நான் மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டேன். என்ன கதை என்று இன்று என்னைக் கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது.

விடுப்பு முடிந்து வந்த அன்று காலை, உள்ளே வந்த பீனாதி பையைக் கீழே வைக்கவில்லை. அப்பாவின் மடியில் கிடந்த சேதுவைப் பார்த்தார். அவன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, பலகை மாதிரி உடம்போடு சேர்ந்து வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பவேயில்லை. நேராக அம்மாவிடம் போய், வங்காளியில், மிக மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா வழக்கம்போல என்னைப் பார்த்தாள். நான் எடுத்துச் சொல்லாமல் வானொலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பீனாதி ஒரு கணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலிடம் இழுத்துக்கொண்டு போனார். கஞ்சி போட்ட திரையை விலக்கினார், கதவைத் திறந்தார். அப்பாவைக் காட்டினார். தன் வாயில் கையை வைத்து இருமினார், அந்தக் கையை அறை முழுக்க வீசிக் காட்டினார். பாயைக் காட்டினார். சேதுவின் நெஞ்சைத் தொட்டார். அப்பாவின் தட்டை எடுத்துக் காட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

அம்மா படிக்காதவள் இல்லை, முட்டாளும் இல்லை. மொழி தெரியாதவள், அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் முழுவதும் புரிந்துகொண்டாள். என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“இதை முன்னாலேயே சொல்லுச்சா?”

நான் நகரப் பார்த்தேன், வழியை மறித்தாள்.

“சொல்லுச்சா, சொல்லலையா? ஒரு வார்த்தை சொல்லு போதும்.”

“சொல்லிச்சு.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. அறைக்கு ஓடி, சேதுவை அப்பாவின் மடியிலிருந்து எடுத்து இடுப்பில் சாத்திக்கொண்டாள். பீனாதி திறந்த ஜன்னல் வழியாக டாக்சி, டாக்சி என்று கத்தினார். எதிர் ஜன்னலில் காகிமா வந்து எட்டிப் பார்த்தார். நான் முகத்தை மூடிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் காகிமா மாவு படிந்த கையோடு எங்கள் வாசலில் நின்றார். “பாபுவுக்குத்தானே டி.பி., சின்னவனுக்கும் வந்துடுச்சா?” என்று நேரே கேட்டார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “அட பைத்தியமே, விவசாயச் செய்தியை அவ்வளவு சத்தமா இந்த உலகத்துல யார் கேப்பாங்க? பூரா சந்துக்கும் தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் நாம கேக்கக்கூடாதுன்னு இருந்தோம்” என்றார். கையைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் டாக்சியில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எல்லாரும் காகிமா இல்லை. அந்த மாதமே மேல்வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். மாடிப்படியில் எங்கள் கை பட்ட இடத்தில் பினாயில் ஊற்றித் துடைக்க வைத்தார். அம்மா பயந்தது நடந்தது. பீனாதி தன் காலனியிலேயே தகரக் கூரை போட்ட ஓர் அறையை எங்களுக்குப் பேசி வைத்தார். அதற்கு மூன்று ஜன்னல், ஒன்றுக்கும் கதவு கிடையாது.

சேதுவின் கிருமி மூளை உறைக்குப் போயிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. பிழைப்பானா என்று முதல் மூன்று வாரம் எந்த டாக்டரும் சொல்லவில்லை. பிழைத்தான். இடது காது போயிற்று. சேது மாமா எந்தப் பந்தியிலும் இடது ஓரத்தில்தான் உட்காருவார் என்று நீ சிறுவயதில் கேலி செய்வாய். மற்றவர்கள் எல்லாரும் தன் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. அவனுக்கு எப்போது தொற்றியது, நான் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் தொற்றாமல் இருந்திருக்குமா, யாராலும் சொல்ல முடியாது. பீனாதி வரும் முன்பே தொற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கப் பார்த்த நாட்கள் உண்டு. ஆனால் முதல் புதன்கிழமையே அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கழுத்து விறைக்கும் வரை போயிருக்காது. அதற்கு எந்த டாக்டரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை.

ஒரு நாள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் பீனாதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் சொன்னார்: “உன் மேல எனக்குக் கோபம் இருக்கு. அது இருக்கட்டும், ஆறும்போது ஆறும். ஆனா பெரிய தப்பு என்னோடது. ஒரு வீட்டோட கஷ்டம் முழுசையும் பதிமூணு வயசுப் பிள்ளை வாயால தூக்கிட்டுப் போகச் சொன்னேன். உன் அம்மாவுக்கு என்ன புரிஞ்சுதுன்னு ஒரு தடவையாவது அவங்க முகத்தைப் பாத்து நான் கேட்டிருக்கணும்.” அதற்கு அப்புறம் அவர் எந்த வீட்டுக்குப் போனாலும், சொல்லி முடித்ததும், நான் சொன்னதை நீங்கள் செய்து காட்டுங்கள் என்று வீட்டுக்காரியைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நான் கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறை நாட்களில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போயிருக்கிறேன். அது எனக்கு அவர் கொடுத்த மன்னிப்பு என்று நினைத்துக்கொள்வேன். அவர் அப்படிச் சொன்னதில்லை.

அம்மா? பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகளோடு இருந்த தாய்மார்களிடம் அவள் வங்காளி கற்றுக்கொண்டாள். எழுத்து இல்லை, இலக்கணம் இல்லை, பாதி வார்த்தை தமிழ். ஒரு காலை நான் பள்ளிக்குப் போகும் வழியில் வார்டுக்குப் போனேன். டாக்டர் சேதுவைப் பார்த்துவிட்டு, பழக்கப்படி என்னிடம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “ஆமி மா. ஆமாகே போலோ” என்றாள். நான் அம்மா, என்கிட்ட சொல்லு. வார்டே திரும்பிப் பார்த்தது. பெரியவரிடம் பேசும் மரியாதை விகுதிகூட அதில் இல்லை. டாக்டர் அவளிடமே சொன்னார், இரண்டு முறை, மெதுவாக. அவள் தலையசைத்துக் கேட்டாள்.

அப்பாவுக்கு நான் செய்தது கடைசி வரை தெரியாது. “அந்தம்மா சொன்னது எனக்குத்தான் புரியல” என்று அம்மா அவரிடம் சொல்லிவிட்டாள். காகிமாவிடமும் அதையேதான் சொன்னாள். தன் பிள்ளையைக் கிட்டத்தட்டப் பறிகொடுத்த பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இருபது வருடம் இருந்தாள். நான் ஒரு முறை, கல்யாணத்துக்கு முன்தினம், அழுதுகொண்டே பேச்சை எடுத்தேன். “விடுடி, அதான் பொழச்சுட்டானே. மருதாணி கலையப்போகுது, கையை ஆட்டாதே” என்று முடித்துவிட்டாள்.

கார்த்தி, நீ நல்லவன். வித்யாவின் மேல் உனக்கு உள்ள அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் சேதுவின் மேல் அன்பு இருந்தது, அவனை முதுகில் தூக்கிக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றுவேன். நடுவில் நிற்பவனுக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். வீட்டு மானம் என்பான், அவள் பயந்துவிடுவாள் என்பான், அந்த நர்ஸ் பெரிதுபடுத்திவிடுவாள் என்பான். அந்த நியாயத்துக்கு அடியில் தனக்கென்று ஒரு சின்ன அலமாரி இருக்கும். உன்னுடையது என்ன என்று எனக்குத் தெரியாது. நம் வீட்டு மருமகள் பிள்ளை பெற்ற பிறகு சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்று நீ எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய், அதுவாக இருக்கலாம். நீ அப்படிச் சொன்னது எங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காகத்தான் என்றால் தப்பு எங்கள் பேரிலும் இருக்கிறது. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நேற்று ஒரு கணம் நானும் நினைத்தேன். அந்த “சரிப்பா” அங்கிருந்துதான் வந்தது.

அந்த நர்ஸ் வேண்டாத விஷயத்தை நோண்டவில்லை. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு மனம் இருண்டுவிடுவது உண்டு, அதற்கு மருந்தும் ஆளும் உண்டு என்று தெரிந்துதான் கேட்கிறார். அவர் கேள்வி கேட்கிற அந்த ஐந்து நிமிஷமும் அவர் வேலைதான், பாப்பாவின் எடையைப் பார்ப்பது போல. அவருடைய அலுவலகத்தில் கேட்டால் தமிழோ ஆங்கிலமோ தெரிந்த ஒரு பெண்ணைத் தொலைபேசியிலாவது ஏற்பாடு செய்வார்கள். உனக்குக் கேட்கத் தயக்கம் என்றால் அந்த நர்ஸையே கேட்கச் சொல், செய்து தருவார்கள். அந்தப் பெண் வந்ததும் நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடு. வித்யா என்ன சொன்னாள் என்று பிறகு கேட்காதே. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

ஆனால் அதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. முதலில் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை நர்ஸ் வந்தபோது அவள் அழுதுகொண்டே என்னமோ சொன்னாள் என்றாயே, அது என்ன என்று நீ எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம். அது என்னவென்று அந்த நர்ஸுக்குத் தெரியாது. தன் வார்த்தை போய்ச் சேரவில்லை என்று வித்யாவுக்கும் தெரியாது. சொல்லியாயிற்று, இனி யாராவது வருவார்கள் என்று அவள் காத்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் இரண்டும் தெரிந்தவன் நீ ஒருவன்தான். இதைப் படித்து முடித்ததும் வித்யாவிடம் போய், நீ சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை என்று சொல். அவள் சம்மதத்தோடு அந்த அம்மாவுக்குப் போன் செய். நான் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல், ஒன்றையும் மெழுகாதே. அவர்கள் அலுவலகம் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும் என்று நீதான் சொன்னாய். அதற்குள் செய்.

அம்மா